ரூபனுக்கு ஒரு சொந்த ஊர்

"எங்க சொந்த ஊரு நாகப்பட்டணம்ங்கிறதுக்கு ஒரு காகிதம் எடுத்துக் கையோட கொண்டாந்துடுங்க ஐயா. மக கல்யாண ஓலையில வாசிக்கணும். நீங்களே நேர்ல வந்து குடுத்தா ஒரு மதிப்பா இருக்கும்."

எனக்கு வந்த கடிதத்தின் நடுப்பகுதி இது. கடிதத்தின் தலைப்பில் மே 18 என்று தேதி இருந்தது. கையெழுத்துக்குக் கீழே மே 21. உறையின் மேல் தபால் முத்திரை மே 24. ஒரே கடிதத்துக்கு மூன்று தேதி கொடுக்கிற மனிதரின் காகிதங்களை நம்பி இறங்கலாமா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்காமல் பெட்டியைக் கட்டினேன்.

எழுதியவர் அந்தோணிசாமி. மலேசியாவில் கேமரன் மலையில், ரிங்லெட் என்னும் சிற்றூரில் இருக்கிறார். அப்பா தேயிலைத் தோட்டத் தொழிலாளி. இவர் லோரி வைத்துக் காய்கறியும் பூவும் மலையிலிருந்து இறக்குகிறார். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டுவது ஓய்வுக்குப் பிறகு என்னைப் பிடித்த வியாதி. அதைப் பற்றி ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் செய்தி இதழில் நான் எழுதிய கட்டுரை எப்படியோ அவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஓலை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கர் வீட்டுக் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சாமியாரோ அவருக்கு உதவியான உபதேசியாரோ மணமக்கள் பெயரை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்பார்கள். பனையோலை எல்லாம் கிடையாது, வெள்ளைத்தாள்தான். ரிங்லெட் சிற்றாலயத்தில் மட்டும் அந்தத் தாளில் கூடுதலாக ஒரு வரி உண்டு: சொந்த ஊர். அதாவது தாத்தாவுக்குத் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது. அந்த வரியைச் சேர்த்தது யார் என்று பிறகு விசாரித்தேன். அந்தோணிசாமியின் அப்பா.

அவர் கடிதத்தோடு அனுப்பியிருந்த ஒரு பழைய காகிதத்தின் படத்தை வைத்துக்கொண்டு, நாகப்பட்டினத்தில் மூன்று நாள் தங்கி, இரண்டு கோயில்களின் பதிவேடுகளில் அவருடைய பூட்டன் சவரிமுத்துவைத் தேடினேன். சவரிமுத்துகளுக்குப் பஞ்சமில்லை. அப்பா பெயரும் வயதும் பொருந்துகிற சவரிமுத்துதான் இல்லை. ஆக, கடல் கடந்து நான் கொண்டுபோனது ஒரே ஒரு சொல்: இல்லை.

ஜூலை 9, புதன்கிழமை. மலையேறும் பேருந்தில் பக்கத்து இருக்கை அம்மாள் முதல் வளைவிலேயே கேட்டார், "ஊர்ல எங்க?" கும்பகோணம் என்றேன். நல்ல கோயில் ஊர் என்று பாராட்டினார். பிறந்த மூன்றாம் மாதம் அங்கிருந்து தூக்கிவரப்பட்டவன் நான் என்பதையும், அதன் பிறகு அந்த ஊரில் இரண்டு கல்யாணச் சாப்பாடும் ஒரு பல்வலியும் தவிர எனக்கு எதுவும் நேரவில்லை என்பதையும் சொல்ல, அதற்குள் நான்காவது வளைவு வந்துவிட்டது.

ரிங்லெட்டில் இறங்கியதும் அந்தோணிசாமி என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "பசியாறியாச்சா ஐயா?" என்றார். எவ்வளவு அழகான தமிழ் என்று நெகிழ்ந்துபோய், "ப்ளேன்ல பிரேக்ஃபாஸ்ட் முடிச்சுட்டேன், பஸ் ஸ்டாப்ல லைட்டா ஸ்நாக்ஸ் சாப்பிட்டேன்" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "தமிழ்நாட்லேர்ந்து நேராதான வர்றீங்க?"

மாப்பிள்ளை அன்று மாலை பினாங்கிலிருந்து வந்தார். பெயர் ரூபன். மின்னணுச் சிப் தொழிற்சாலையில் பொறியாளர். மகள் ஸ்டெல்லா அங்கே ஆய்வகத்தில் வேலை செய்கிறாள்; அவளும் கூடவே வந்தாள். தொலைபேசியில் ரூபன் என்று கேட்டதும் குடும்பமே மகிழ்ந்திருக்கிறது. வேதக்காரப் பையன், நம் பெயர். புகைப்படம் வந்தபோது மகிழ்ச்சி இரட்டிப்பாகியிருக்கிறது. நம் நிறம். அவருடைய தகப்பனார் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிற மெக்சிகோ வம்சாவளிக்காரர் என்பது மூன்றாவது தொலைபேசியில்தான் தெரியவந்தது. அதற்குள் ஸ்டெல்லாவின் அம்மா சவுரியம்மா ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

வியாழன் காலை ரூபனும் நானும் கடைத்தெருவில் ரொட்டி சனாய் என்னும் பரோட்டா சாப்பிடப் போனோம். கடைக்கார அம்மாள் அவரிடம் தமிழில் என்ன வேண்டும் என்று கேட்டார். ரூபன் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். அவ்வளவுதான்.

"எந்தத் தோட்டத்துப் புள்ள நீ? நாலு காசு பாத்ததும் தாய்மொழி தொண்டையில நிக்குதா? ஒங்க அப்பா அம்மா என்னத்தச் சொல்லி வளத்தாங்க?"

"அம்மா, அவர் தமிழர் இல்லை" என்றேன்.

"இப்பிடித்தான் லா எல்லாரும் சொல்றாங்க, ரெண்டு வருசம் கேஎல்ல இருந்துட்டு வந்து." கேஎல் என்றால் கோலாலம்பூர்; லா என்பது மலேசியப் பேச்சின் வால், தனி அர்த்தம் கிடையாது.

ரூபன் தலையைக் குனிந்து, ஒழுங்காகத் திட்டு வாங்கிக்கொண்டு, ரொட்டியைப் பிய்த்தார். கடையை விட்டு வெளியே வந்ததும் சொன்னார் (அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்): "மெக்சிகோவுக்குப் போனால் டாக்சிக்காரர் இதையேதான் ஸ்பானிஷில் சொல்வார். எனக்கு ஸ்பானிஷும் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் அப்பா அம்மாவை இழுக்கிறார்கள் என்று எந்த மொழியிலும் கண்டுபிடித்துவிடுவேன்."

"ஏன் ஸ்பானிஷ் தெரியாது?"

"தாத்தாவைப் பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் பேசினதற்காக அடித்தார்கள். அவர் என் அப்பாவிடம் அந்த மொழியைப் பேசவேயில்லை. அப்பாவுக்கு அடியும் இல்லை, மொழியும் இல்லை. வெள்ளைக்காரர்கள் என்னை மெக்சிகன் என்பார்கள். மெக்சிகோக்காரர்கள் அமெரிக்கன் என்பார்கள். இங்கே வந்த பிறகுதான் எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள், திமிர் பிடித்த தமிழன் என்று."

அன்று இரவுச் சாப்பாட்டில் விசாரணை நடந்தது. வேறு சொல் பொருந்தாது. ஸ்டெல்லா நடுவிலிருந்து மொழிபெயர்க்க, முதலில் காரத்தில் தொடங்கியது. சிலி பாடி என்னும் ஊசிமிளகாயைச் சவுரியம்மா தாராளமாக அரைத்துப் போட்டிருந்தார். ரூபனுக்குக் கண்ணில் நீர், எனக்கு மூக்கில்.

"மெக்சிகோக்காரனுக்குக் காரம் தாங்கலயா?" என்றார் அந்தோணிசாமி, வெற்றி பெற்றவர்போல.

"எங்கள் வீட்டில் பாட்டில் சாஸ்தான்" என்றார் ரூபன். "காரம் குறைந்தது என்று மேலேயே போட்டிருக்கும்."

அடுத்து ஊர். ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை. மூன்று ஞாயிறு முடிந்து ஆகஸ்டு 2 சனிக்கிழமை கல்யாணம். அதே வாரத்தோடு ரூபனுக்குப் பினாங்கு வேலை முடிகிறது. இருவரும் டெக்சாஸ் போகவேண்டும். ஒரு ஞாயிறு தவறினால் எல்லாம் சரியும். தாளில் ரூபனின் சொந்த ஊருக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

"நுவோ லாரெடோ" என்றார் ரூபன். பூட்டனாரின் குடியேற்ற அட்டையில் அதுதான் எழுதியிருக்கிறது என்றார். எல்லையில் இருக்கும் மெக்சிகோ ஊர். பாலத்தைத் தாண்டினால் டெக்சாஸ்.

"அங்க ஒங்களுக்கு வீடு இருந்திச்சா? நெலம்? கோயிலு?"

ரூபன் பொய் சொல்லத் தெரியாதவர். இதை அவர் குறையாகவே குறித்து வைத்திருக்கிறேன். "இல்லை. பூட்டனார் தெற்கே எங்கிருந்தோ வந்து அந்தப் பாலத்தில் வரிசையில் நின்றிருக்கிறார். எழுதினவர் நின்ற இடத்தை எழுதிவிட்டார்."

அந்தோணிசாமி கையை உதறிக்கொண்டு சிரித்தார். "ஐயா, கேட்டுக்குங்க. பாலத்த ஊருங்கறாரு! அது செக்போஸ்ட்டு லா. நாங்க யாரு? நாகப்பட்டணம். வேளாங்கண்ணி மாதா காலடி. செப்டம்பர் திருநாளுக்கு மொதக் கொடி எங்க கைதான் புடிக்கும், கேளுங்க யார வேணும்னாலும். மொழி இல்ல, ஊரு இல்ல... உபதேசியாரு என்னத்தத்தான் வாசிப்பாரு? சொந்த ஊர விசாரிச்சு எழுதட்டும். அப்பறம் ஓலையப் பாத்துக்கலாம்."

ஸ்டெல்லா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை ரூபன் தேயிலைத் தோட்டம் பார்க்கவேண்டும் என்றார். தோட்டத்துக்குள் கோலாலம்பூரிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பெண்கள் சேலை கட்டி, முதுகில் வாடகைக் கூடையை மாட்டி, கொழுந்து கிள்ளுவதுபோல் படம் எடுத்துக்கொண்டார்கள். எதைச் சுமக்கமாட்டேன் என்று தாத்தா டவுனுக்கு ஓடினாரோ அதைப் பேத்தி வாடகைக்கு வாங்கிச் சுமக்கிறாள். நிஜமாகக் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நேப்பாளிகள், கையில் கத்தரி இயந்திரம். அவர்களை யாரும் படம் எடுக்கவில்லை. அவர்கள் படத்தில் விழுந்துவிடாமல்தான் எல்லாரும் நகர்ந்து நகர்ந்து நின்றார்கள்.

"மெக்சிகோ வேஷம் போட எங்களுக்கும் வருஷத்தில் ஒரு நாள் உண்டு" என்றார் ரூபன். "பெரிய தொப்பியைப் போட்டுக்கொண்டு பாட்டில் சாஸைத் தொட்டுச் சாப்பிடுவோம்."

பிற்பகலில் அந்தோணிசாமி லோரியோடு வெளியே போயிருந்தபோது ஸ்டெல்லா கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்து வைத்தாள். அந்தோணிசாமியின் பூட்டனார் கப்பலில் வந்தபோது கொடுக்கப்பட்ட காகிதம் அதில் இருந்தது. அந்தோணிசாமி எனக்கு அனுப்பிய படத்தில் மேல்பாதி மட்டும்தான் இருந்தது. நாகப்பட்டினம் என்ற முத்திரையும் சவரிமுத்து என்ற பெயரும், அப்பா பெயரும் வயதும். அசலின் கீழ்ப்பாதியை இப்போதுதான் பார்த்தேன்.

முத்திரை ஊரின் முத்திரை அல்ல. ஆள் ஏற்றும் டிப்போவின் முத்திரை. கங்காணிகள் ஊர் ஊராகத் திரட்டிவந்த ஆட்களை அடைத்துவைத்துக் கப்பலேற்றிய இடம். ஊர் என்பதற்குக் கீழே தனியாக ஒரு கட்டம். அதில் டிப்போ குமாஸ்தாவான கிராணி ஆங்கிலத்தில் வேறு ஏதோ எழுதியிருக்கிறார். கே என்றோ ஆர் என்றோ படிக்கக்கூடிய முதல் எழுத்து. கடைசியில் பட்டி என்பது தெளிவு. நடுவில் சேறு.

"நாங்க அப்ப கீழ பள்ளத்தாக்குல, லெம்பா பெர்த்தாம்ல இருந்தோம் அங்கிள். 2013 வெள்ளத்துல பெட்டிக்குள்ள சேறு பூந்திடுச்சி. நான்தான் காகிதத்த இஸ்திரி போட்டுக் காய வெச்சேன். சேறு அப்படியே வெந்து ஒட்டிக்கிச்சி."

"அப்பவே படிச்சியா?"

"பட்டின்னு படிச்சேன். அப்பாகிட்ட சொன்னேன். ஒனக்கு இங்கிலீஷ் பத்தாதுன்னுட்டாரு." அவள் காகிதத்தைத் திரும்ப மடித்தாள். பதிவேட்டுக்காரனான எனக்கு அந்த மடிப்பைப் பார்க்கவே பகீரென்றது. "நீங்க சொல்லுங்க. ப்ளேன்ல வந்து சொன்னா நம்புவாரு. ரூபன் ஒரு பாலத்துல நின்னதுக்கு என் கல்யாணம் நிக்கணுமா? நம்ம ஆளு மட்டும் எங்க நின்னாராம்?"

ஜூலை 12, சனிக்கிழமை. மலைமேல் கியா பார்ம் என்னும் இடத்தில் சாமந்திப் பெட்டிகள் ஏற்ற வேண்டியிருந்தது. அந்தோணிசாமி ரூபனையும் என்னையும் லோரியில் ஏற்றிக்கொண்டார், மாப்பிள்ளைக்குத் தன் வியாபாரத்தைக் காட்ட. ஓலையைத்தான் நிறுத்துவார், பெருமையை நிறுத்தமாட்டார். நான் நடுவில், கியர் தண்டு என் இரண்டு முழங்காலுக்கும் இடையில். வாரக்கடைசியில் மலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஸ்ட்ராபெரி வாங்கச் சாலையிலேயே நின்றுவிடுகிறார்கள். நாற்பது நிமிடத்தில் நாங்கள் நகர்ந்த தூரம், ஒரு சோளக்கடையிலிருந்து அடுத்த சோளக்கடை வரை.

ரூபன் இறங்கி மூன்று அவித்த சோளம் வாங்கிவந்தார். "இது எங்கள் ஊர்ச் சாமான்" என்று ஆளுக்கொன்று கொடுத்தார்.

"கேமரன் சோளம் லா இது" என்றார் அந்தோணிசாமி.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மெக்சிகோப் பக்கத்திலிருந்துதான் உலகத்துக்கே வந்தது. மிளகாயும்தான்."

"மொளகாயா?"

"மிளகாயும்."

அவர் ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் சோளம் மென்றார். "அப்ப எங்க வீட்டுக் கோழிக்கறி?"

"கோழி இந்தப் பக்கம்தான்" என்று ஆறுதல் சொன்னேன்.

மிளகாயைப் பறிகொடுத்தவருக்கு மிச்சத்தையும் சொல்லிவிடலாம் என்று பட்டது. முன்னால் ஒரு சுற்றுலாப் பேருந்து. இறங்கி ஓட அவருக்கும் வழியில்லை, எனக்கும் இல்லை. பதிவேட்டில் சவரிமுத்து இல்லை என்றேன். டிப்போ என்றேன். கட்டத்தில் பட்டி என்று இருக்கிறது என்றேன். நாகப்பட்டினம் உங்கள் பூட்டனார் கப்பலேறிய இடம், ரூபனின் பூட்டனாருக்குப் பாலம் மாதிரி என்றேன். தமிழ் தெரியாத ரூபன் சோளத்தைக் கடிப்பதை நிறுத்திவிட்டார்.

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அந்தோணிசாமி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மலாயில் அதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டு, உள்ளே வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"எனக்குத் தெரியும் லா ஐயா."

நான் எதிர்பார்த்தது இதை அல்ல.

"எங்க அப்பாவுக்கும் தெரியும். படத்த நான்தான் பாதி எடுத்து அனுப்பினேன். நீங்க படிச்சவரு, பதிவேட்டுல எப்பிடியாச்சும் ஒரு சவரிமுத்துவப் புடிச்சிருவீங்கன்னு நெனச்சேன்." சோளக் கதிரை டாஷ்போர்டின் மேல் வைத்தார். "நாகப்பட்டணம்னு சொல்லிப் பாருங்க. ஓ, மாதா ஊராங்கிறாங்க. பேச்சு அங்கியே நின்னுடும். பட்டின்னு சொன்னா? எந்தப் பட்டி? பட்டியில எந்தத் தெரு? ரெண்டாவது கேள்வி வந்திடும். தாத்தா ஒரு தடவகூட அந்தப் பேர வாயத் தொறந்து சொன்னதில்ல. ஏன்னு அப்பா கேக்கல. நானும் கேக்கல. நீங்களும் கேக்காதீங்க."

சொந்த ஊர் எது என்ற கேள்வி ஊரைக் கேட்பதற்காக மட்டும் கேட்கப்படுவதில்லை என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ஆயிரம் மைலுக்கு மேல் தள்ளி, குளிர் மலையில், ஸ்ட்ராபெரிக் கடைகளுக்கு நடுவிலும் அது கேட்கப்படுகிறது. அதிலிருந்து தப்ப ஒரு துறைமுகத்தையே ஊராக்கிக்கொண்ட குடும்பம், அதே கேள்வியை ஒரு வரியாக ஓலையில் சேர்த்து மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்று நாளாக அடக்காமல் சிரித்தவன், இப்போது அடக்கிக்கொண்டேன். கும்பகோணம் ஞாபகம் வந்ததும் ஒரு காரணம்.

"என்ன சொல்கிறார்?" என்றார் ரூபன். சுருக்கமாகச் சொன்னேன். அவர் அந்தோணிசாமியிடம் நேராகவே பேசினார். "என் தாத்தாவும் சொன்னதில்லை. கேட்டால் வானொலிச் சத்தத்தைக் கூட்டிவிடுவார்."

அந்தோணிசாமிக்குத் தோட்டத்து ஆங்கிலம் நன்றாகவே வரும். "எந்த வானொலி?" என்று கேட்டார். அவ்வளவு விஷயத்தில் அவருக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. பிறகு பேருந்து நகர்ந்தது. அடுத்த சோளக்கடை வரைக்கும் போனோம்.

அன்று சாயங்காலம் ஓலைத் தாளை எடுத்து அவரே நிரப்பினார். ரூபனின் ஊர் என்ற இடத்தில் நுவோ லாரெடோ என்று எழுதினார். தன் வரியில் நாகப்பட்டினத்தை அப்படியே விட்டார். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. ரிங்லெட் என்று எழுதலாமே, பிறந்து வளர்ந்த ஊர் அதுதானே என்று நான் கேட்டதற்கு, "ரிங்லெட்டு எல்லாருக்கும் இருக்கு லா" என்றார்.

ஸ்டெல்லா தாளைப் படித்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "ஏன்பா, வியாழக்கெழம அது செக்போஸ்ட்டு. இன்னிக்கி ஊரா?"

"அவருக்கும் எனக்கும் ஒண்ணுதான். ஏறின எடம்."

"இப்பதான்பா அவரு நம்ம ஆளு" என்றாள். "பொய்யா ஒரு ஊரு கெடச்சிருச்சி."

சவுரியம்மா அவள் தலையில் குட்டினார். பிறகு அடுப்படிக்குப் போய், ரூபனுக்கென்று ஊசிமிளகாய் போடாத சட்டினி தனியாக அரைத்தார். கிண்ணத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, காரம் இல்லை என்று தமிழில் எழுதிவைத்தார். ரூபனால் அதைப் படிக்கமுடியவில்லை. நல்ல மனிதர், ஊசிமிளகாய் போட்ட இரண்டாவது கிண்ணத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டார்.

ஜூலை 13, ஞாயிறு. உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஓலையை வாசித்தார். நுவோ லாரெடோவைச் சொந்த ஊராகக் கொண்ட ரூபனுக்கும், நாகப்பட்டினத்தைச் சொந்த ஊராகக் கொண்ட ஸ்டெல்லாவுக்கும். தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று நிறுத்தி, சபையை ஒரு சுற்றுப் பார்த்தார்.

ஓய்வுபெற்ற நாளிலிருந்து பிறர் பதிவேட்டில் ஒரு தேதி தவறினால் ஓரத்தில் பென்சிலால் குறித்தவன் நான். ஒரே மூச்சில் இரண்டு பிழைகளை ஒலிபெருக்கியில் கேட்டேன். முன்வரிசையிலிருந்து அந்தோணிசாமி திரும்பி என்னைப் பார்த்தார். திருமணத்துக்குத் தடை எதுவும் எனக்குத் தெரியாது. நான் எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்தபோது ஒரு பெரியவர் அந்தோணிசாமியின் தோளைத் தட்டி, "லாரெடோ எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"கடலுக்கு அந்தப் பக்கம்" என்றார் அந்தோணிசாமி. பெரியவர் திருப்தியோடு தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டாவது கேள்வி வரவில்லை.

அந்தக் காகிதத்தின் கீழ்ப்பாதி என் கைபேசியில் படமாக இருக்கிறது. முதல் எழுத்து கேயாகவோ ஆராகவோ இருந்து பட்டி என்று முடியும் ஊர்களில் பதினொன்றை என் குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றுக்கும் இன்னும் போகவில்லை. சவரிமுத்துவின் ஊர் அவற்றில் எது, அல்லது அவற்றில் ஒன்றுதானா என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.